டேங்க் கார் லீஸ்: ‘முழுச் சேவை’ என்றால் எல்லாமே அவர்கள் பொறுப்பா?

டெக்ஸாஸ் மாநிலத்திலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவரும் அவர் மனைவியின் தம்பியும் சேர்ந்து, உணவகங்களில் மிஞ்சும் பழைய எண்ணெயை வாங்கி வடிகட்டி, அயோவாவில் உள்ள ஒரு பயோடீசல் ஆலைக்கு ரயிலில் அனுப்புகிறார்கள். அதற்காக 5 ஆண்டுகளுக்கு முன் ஒரு லீஸிங் நிறுவனத்திடம் 10 டேங்க் கார்களை (திரவம் ஏற்றும் ரயில் வேகன்களை) ‘முழுச் சேவை லீஸ்’ முறையில் எடுத்தார்கள். போன குளிர்காலத்தில் 3 கார்களைப் பத்தாண்டுப் பரிசோதனைக்கு என்று நிறுவனம் பணிமனைக்கு அழைத்துக்கொண்டது. 4 மாதமாகியும் திரும்பவில்லை. கோபத்தில் இவர் 10 கார்களுக்கும் 2 மாத வாடகையை நிறுத்திவிட்டார். போன மாதக் கடைசியில் லீஸ் காலம் முடிந்தது. மீதி 7 கார்களையும் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது பெரிய பில் வந்திருக்கிறது: பாக்கி வாடகை, தாமதக் கட்டணம், உள்ளே எண்ணெய் உறைந்துபோன 2 கார்களைக் கழுவும் செலவு, அதில் ஒரு காரின் நீராவிக் குழாய் வெடித்ததற்கான செலவு. இவற்றோடு, ‘ஒழுங்காகத் திரும்பி வரும்வரை’ 7 கார்களுக்கும் ஒன்றரை மடங்கு வாடகை. இன்னும் 2 ஆண்டுக்கு லீஸைப் புதுப்பித்தால் அந்த ஒன்றரை மடங்கை விட்டுவிடுவதாகவும் சொல்கிறார்கள். மைத்துனர், ‘புதுப்பித்துவிடுவோம், 4 காரை ஒரு மெத்தனால் வியாபாரிக்கு உள்வாடகைக்கு விடலாம்’ என்கிறார். தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பதால், வீடு போய்விடுமோ என்று மனைவி தூங்காமல் இருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் இணைத்திருந்த லீஸ் பக்கங்களை இரண்டு முறை படித்தேன். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கணக்கிலும் ஒரு பகுதி உங்கள் பக்கம்தான். ஆனால் இந்த லீஸை நீங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தம் போலப் படித்திருக்கிறீர்கள். குழாய் ஒழுகினால் வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் வாடகையைப் பிடித்துக்கொள்ளலாம், காலி செய்த நாளோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துவிட்டீர்கள். டேங்க் கார் லீஸில் இந்த மூன்றுமே வேறு மாதிரி.

நம் ஊரில் நிலத்தை வாரத்துக்கும் விடுவார்கள், குத்தகைக்கும் விடுவார்கள். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. விளையாவிட்டால் இருவருக்கும் நஷ்டம். குத்தகை அப்படியல்ல. மழை பெய்தாலும் பொய்த்தாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும். நீங்கள் கையெழுத்திட்டது குத்தகை. உங்கள் லீஸின் 5-வது பிரிவில் இருக்கும் வாசகத்தை இங்கே வக்கீல்கள் ‘ஹெல் ஆர் ஹை வாட்டர்’ விதி என்பார்கள். என்ன நடந்தாலும், எதையும் கழிக்காமல், வாடகையை முழுதாகக் கட்டுவேன் என்பது அதன் சாரம். வியாபாரிகளுக்கிடையே இந்த விதியை நீதிமன்றங்கள் பெரும்பாலும் அப்படியே ஏற்கின்றன.

கார் யாருடையது?

‘ரயில்வே காரை உடைத்திருந்தால் ரயில்வேதானே கட்ட வேண்டும், நாங்கள் ஏன்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று. நம் ஊரில் வேகன் என்று சொல்வதைத்தான் இங்கே கார் என்கிறார்கள். அங்கே வேகன் என்றாலே ரயில்வேயின் சொத்து என்று நினைத்துப் பழகிவிட்டோம். வட அமெரிக்காவில் டேங்க் கார்களில் ஏறக்குறைய எல்லாமே லீஸிங் நிறுவனங்களுக்கோ சரக்கு அனுப்புகிறவர்களுக்கோ சொந்தம். ரயில்வே நிறுவனங்கள் இழுத்துப் போவதோடு சரி. காரின் பக்கவாட்டில் இருக்கும் அடையாள எழுத்துகளைப் பாருங்கள். அவை எக்ஸ் என்ற எழுத்தில் முடிந்தால், அந்தக் கார் ரயில்வேக்குச் சொந்தமல்ல என்று பொருள்.

ஓடும் வழியில் சக்கரம், பிரேக் கட்டை போன்றவை தேய்ந்தால் ரயில்வே தானே மாற்றிவிட்டு, காரின் உரிமையாளருக்கு பில் அனுப்பும். கார் தடம் புரண்டு நொறுங்கினால், கையாண்ட ரயில்வே அதன் தேய்மானம் போக உள்ள மதிப்பை உரிமையாளருக்குத் தரும். இதற்கெல்லாம் அமெரிக்க ரயில்பாதைகள் சங்கத்தின் பரிமாற்ற விதிகள் இருக்கின்றன. நீங்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. உங்கள் காரின் குழாய் வெடித்தது ரயில்வேயின் கையில் நடந்ததும் அல்ல.

‘முழுச் சேவை’யில் அடங்குவது

டேங்க் கார் லீஸ் பெரும்பாலும் இரண்டு விதம். நெட் லீஸ் என்றால் பராமரிப்பு, வரி, பரிசோதனை எல்லாம் எடுத்தவர் தலையில். முழுச் சேவை லீஸ் என்றால் இயல்பான தேய்மானத்தால் வரும் பராமரிப்பும் சட்டப்படியான பரிசோதனையும் கொடுத்தவர் பொறுப்பு. ‘முழு’ என்ற சொல் உங்களை ஏமாற்றிவிட்டது. அது பராமரிப்பை மட்டும் குறிக்கும் சொல். உங்கள் சரக்கால் வந்த அழுக்கு, அரிப்பு, நீங்களோ உங்கள் சரக்கைப் பெறுபவரோ கையாண்ட விதத்தால் வந்த சேதம் ஆகியவை முழுச் சேவை லீஸிலும் பொதுவாக எடுத்தவர் கணக்கில்தான் விழும்.

ஆனால் அந்த 3 கார்கள் விஷயத்தில் நிலைமை வேறு. காரின் பக்கத்தில் கட்டம் போட்ட ஒரு பட்டியல் எழுதியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். தொட்டி, அதன் தகட்டுத் தடிமன், அழுத்த வால்வு என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தப் பணிமனை, எந்த ஆண்டு தேறியது, அடுத்து எந்த ஆண்டு கெடு என்று மூன்று பத்திகள். தொட்டியின் தகுதிப் பரிசோதனைக்குச் சட்டப்படி அதிகபட்ச இடைவெளி 10 ஆண்டு. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்தக் கெடு நெருங்கியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. ஆக அந்த 3 கார்களும் போனது அவர்களுடைய கடமைக்காக. உங்கள் சேதத்துக்காக அல்ல.

உங்கள் லீஸின் 7-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? கார் அவர்கள் பொறுப்பிலான வேலைக்காகப் பணிமனைக்குப் போனால், வந்து சேர்ந்த 5 நாளுக்குப் பிறகு, தயாராகும் நாள்வரை வாடகை ஓடாது. நீங்கள் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள், ஆனால் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்கள் கையில் இருக்கும் பலமான சீட்டே அதுதான்.

வாடகைக் கணக்கு

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 3 கார், 4 மாதம். ஒரு காருக்கு ஒரு மாத வாடகையை ஓர் அலகாக வைத்தால் 12 அலகு. ஒவ்வொரு காருக்கும் அந்த 5 நாளைக் கழித்தால் சுமார் பதினொன்றரை. இது உங்களுக்கு வர வேண்டிய கழிவு. நீங்கள் நிறுத்தியதோ 10 கார், 2 மாதம், ஆக 20 அலகு. கழிவு முழுதும் கிடைத்தாலும் சுமார் எட்டரை அலகு நீங்கள் தர வேண்டியது நிற்கிறது. அவர்கள் பில்லில் 20-ம் இருக்கிறது, அது தவறு. நீங்கள் எதுவும் தர வேண்டாம் என்று நினைத்தீர்கள், அதுவும் தவறு.

இதில் இன்னொரு நுணுக்கம். அமெரிக்க மாநிலங்களில் லூசியானா தவிர மற்ற எல்லாவற்றிலும் லீஸ்களுக்கு ஒருங்கிணைந்த வணிகச் சட்டத்தின் 2ஏ பகுதி பொருந்தும். கொடுத்தவர் ஒப்பந்தத்தை மீறியிருந்தால், அதனால் வந்த நஷ்டத்தை அதே லீஸின் வாடகையில் கழித்துக்கொள்ள அந்தச் சட்டம் எடுத்தவருக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் கழிக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். நீங்கள் ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பவில்லை, சும்மா நிறுத்திவிட்டீர்கள். அதோடு 5-வது பிரிவில் அந்த உரிமையையும் விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். எனவே ‘நிறுத்தியது என் உரிமை’ என்று வாதாடாதீர்கள், நிற்காது. ‘7-வது பிரிவின்படி எனக்கு வர வேண்டிய கழிவைக் கணக்கில் ஏற்றுங்கள்’ என்று கேளுங்கள். அதற்கு அவர்களால் எளிதில் மறுப்புச் சொல்ல முடியாது, அவர்களே எழுதிய விதி.

கேட்பதற்கு ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு காரும் எந்த நாள் எந்த இடத்தைத் தாண்டியது என்பது ரயில்வேயின் இருப்பிடச் செய்திகளில் பதிவாகியிருக்கும். நீங்கள் சரக்கைத் தேட அன்றாடம் பார்க்கும் அதே திரைதான். பணிமனைக்கு வந்து சேர்ந்த நாளை அதிலிருந்து எடுத்து இன்றைக்கே சேமித்து வையுங்கள். லீஸ் முடிந்த கையோடு உங்கள் பார்வை உரிமையை அவர்கள் எடுத்துவிடக்கூடும்.

திருப்பித் தருவது என்றால் என்ன

நீங்கள் ‘31-ஆம் தேதியே அனுப்பிவிட்டோம்’ என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள். லீஸில் ‘திருப்பித் தருவது’ என்றால் அனுப்புவதல்ல. அவர்கள் சொன்ன இடத்துக்கு, காலியாக, சுத்தமாக, அடுத்த சரக்குக்குத் தயாராகப் போய்ச் சேர்வது. அந்த நாள்வரை வாடகை ஓடும். இது ஏறக்குறைய எல்லா டேங்க் கார் லீஸிலும் உள்ள விதி.

இறக்கிய பிறகும் தொட்டியின் அடியில் தங்கும் மிச்சத்தை ஹீல் என்பார்கள். உங்கள் சரக்கில் இது சாதாரண விஷயமல்ல. பழைய சமையல் எண்ணெயில் மாட்டுக் கொழுப்பும் கலந்திருக்கும். அயோவாவின் ஜனவரிக் குளிரில் அது, மார்கழிக் காலையில் நெய் டப்பாவைத் திறந்தால் கரண்டி இறங்காதே, அப்படி ஆகிவிடும். அதனால்தான் இந்தக் கார்களுக்குத் தொட்டியின் வெளிப்புறத்தை ஒட்டி நீராவிக் குழாய்கள், அதன் மேல் வெப்பக் காப்பு, அதற்கும் மேல் ஒரு தகட்டு உறை. ஆலையில் நீராவியைச் செலுத்தி, எண்ணெயை இளக்கி, அடிவால்வு வழியாக இறக்குகிறார்கள். வேலை முடிந்ததும் குழாய்க்குள் நீராவி குளிர்ந்து தண்ணீராக நிற்கும். காற்றடித்து அதை வெளியேற்றாமல் காரை அனுப்பினால், வழியில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து குழாயைப் பிளந்துவிடும். பணிமனை அறிக்கையில் இருக்கும் அந்த நீளவாக்கு வெடிப்பு, உறைந்ததால் வருவது. தேய்மானத்தால் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இந்தக் குழாய்ச் செலவை லீஸிங் நிறுவனத்துக்கு நீங்கள்தான் தர வேண்டியிருக்கும். ஆனால் உங்களோடு அது நிற்க வேண்டியதில்லை. இறக்கியது ஆலை. அவர்களோடு நீங்கள் போட்ட விற்பனை ஒப்பந்தத்தில், தங்கள் இடத்தில் காருக்கு வரும் சேதத்துக்கு ஆலை பொறுப்பு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பணிமனை அறிக்கையையும் படங்களையும் இணைத்து இந்த வாரமே ஆலைக்கு எழுதுங்கள். கார் பழுது பார்க்கப்படும் முன், அவர்கள் ஆள் வந்து பார்க்க ஒரு வாய்ப்பும் கொடுங்கள். பழுது பார்த்து முடித்த பிறகு போய்க் கேட்டால் ‘நாங்கள் பார்க்கவே இல்லையே’ என்பார்கள்.

சரி, ஒன்றரை மடங்கு வாடகை. இங்கே அவர்கள் வரம்பு மீறியிருக்கிறார்கள் என்பது என் கருத்து. உங்கள் லீஸ் ஒரு தாய் ஒப்பந்தமும், கார் எண்கள் பட்டியலிட்ட ஓர் இணைப்பும் கொண்டது. ‘ஒவ்வொரு காரும் தனி லீஸாகக் கருதப்படும்’ என்று இணைப்பின் இரண்டாம் பத்தியில் இருக்கிறது. அப்படியானால் சுத்தமாக வந்து சேர்ந்த 5 கார்களுக்கு வாடகை அவை சேர்ந்த நாளோடு நின்றது. தாமத வாடகை ஓடினால் அந்த 2 கார்களுக்கு மட்டும்தான் ஓட முடியும். 7-க்கும் போட்டது செல்லாது. அந்த 2 கார்களிலும், கழுவ அவர்கள் பணிமனையில் இடமில்லாமல் காத்திருந்த நாள்களுக்கு உங்களிடம் ஒன்றரை மடங்கு கேட்பது நியாயமா என்பதும் பேச வேண்டிய விஷயம். முன்கூட்டியே நிர்ணயித்த நஷ்ட ஈடு நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்று 2ஏ பகுதியே சொல்கிறது.

மெத்தனால் வேண்டாம்

மைத்துனரின் யோசனைக்கு வருகிறேன். அவர் குடும்பத்தைக் காப்பாற்றத்தான் யோசிக்கிறார், புரிகிறது. ஆனாலும் இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வேண்டாம்.

உங்கள் கார்கள் டாட் 111 வகை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை டேங்க் கார்களுக்கு வகுத்த தரவகைகளில் ஒன்று அது. பழைய எண்ணெய் ஆபத்தான சரக்காகக் கருதப்படுவதில்லை, அதற்கு இவை போதும். மெத்தனால் எளிதில் தீப்பிடிக்கும் திரவம். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. 2013 ஜூலை 6 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லக்-மெகாந்திக் என்ற சிற்றூருக்குள் கச்சா எண்ணெய் ரயில் ஆளில்லாமல் உருண்டு வந்து தடம் புரண்டு எரிந்தது. 47 பேர் இறந்தார்கள். அந்த ரயிலில் இருந்தவை டாட் 111 கார்கள். அதன் பிறகுதான் தடித்த தகடும் முன்பின் கவசமும் கொண்ட டாட் 117 வகை வந்தது. பழைய வகையின் தகடு ஓர் அங்குலத்தில் பதினாறில் 7 பங்கு தடிமன், புதியது பதினாறில் 9 பங்கு. தீப்பிடிக்கும் சரக்குகளிலிருந்து டாட் 111-ஐப் படிப்படியாக விலக்க 2015-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமும் இயற்றியது. கச்சா எண்ணெய்க்கும் எத்தனாலுக்கும் கெடு முடிந்துவிட்டது. மெத்தனால் போன்றவற்றுக்கு 2029 மே 1 வரை நேரம் இருக்கிறது.

‘அப்போ இன்றைக்குச் சட்டம் தடுக்கவில்லையே’ என்று மைத்துனர் சொல்லலாம். சட்டம் தடுக்காததை உங்கள் லீஸ் தடுக்கிறது. அனுமதித்த சரக்கு என்று அதில் இருப்பது தாவர எண்ணெயும் கொழுப்பும் மட்டுமே. எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடவும் கூடாது. மீறினால் லீஸை முறிக்கும் காரணத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுக்கிறீர்கள். வால்வுகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் மெத்தனாலைத் தாங்குமா என்று யாரும் பார்த்ததில்லை. சரக்கை ஏற்றி அனுப்புகிறவர் நீங்கள் என்றானால், உங்கள் ஊழியர்களுக்கு ஆபத்துச் சரக்குப் பயிற்சி கட்டாயம், 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுபயிற்சியும் வேண்டும். மெத்தனால் இறக்கிய கார் காலியாகத் திரும்பும்போதும், கழுவும்வரை ஆபத்துச் சரக்காகவே கருதப்படும். காரில் மாட்டிய ஆபத்து எச்சரிக்கைப் பலகையை எடுக்கக் கூடாது. எண்ணெய் வடிகட்டும் 6 பேரை வைத்துக்கொண்டு இதில் இறங்காதீர்கள்.

வீடு

வீட்டைப் பற்றி உங்கள் மனைவி பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். டெக்ஸாஸ் மாநில அரசியல் சாசனம், குடியிருக்கும் சொந்த வீட்டைப் பொதுவான கடன்காரர்களிடமிருந்து பாதுகாக்கிறது. வீட்டுக் கடன், சொத்து வரி போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. ஜாமீன் கையெழுத்தை வைத்து உங்கள்மேல் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கினாலும், நீங்கள் குடியிருக்கும் வீட்டை அதற்காக விற்க வைக்க முடியாது. வங்கிக் கணக்குக்கும் வேறு சொத்துக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. இன்னொன்று: நீங்களும் மைத்துனரும் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள். பாதிப் பாதி என்று நீங்கள் பேசிக்கொண்டது உங்களுக்குள் மட்டும்தான். அவர்கள் முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம். இப்போதே இருவரும் உட்கார்ந்து, யார் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அக்காவும் தம்பியும் பேசாமல் போகிற அளவுக்கு இது வளரக் கூடாது.

இனி என்ன செய்வது

மூன்று வழி இருக்கிறது. வழக்குக்குப் போகலாம். தொகையைப் பார்த்தால் வக்கீல் செலவே அதை விழுங்கிவிடும், அதோடு தோற்றவர் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவையும் தர வேண்டும் என்று லீஸ் சொல்கிறது. புதுப்பிக்கலாம். ஆனால் 2 கார்களின் தாமத வாடகையைத் தவிர்க்க 10 கார்களை 2 ஆண்டுக்குத் தலையில் கட்டிக்கொள்வது எந்தக் கணக்கில் சேரும்? அயோவா ஆலை அடுத்த ஆண்டும் இதே அளவு வாங்கும் என்று எழுத்தில் உறுதி கொடுத்தால் மட்டும், அதுவும் 5 அல்லது 6 கார்களுக்கு, புதிய வாடகை பேசி எடுக்கலாம். பழைய பில்லை அதோடு முடிச்சுப் போட விடாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பேசித் தீர்ப்பேன். மறுக்க முடியாத எட்டரை அலகு வாடகையை உடனே கட்டிவிடுங்கள். கட்டும்போது ‘இது பாக்கியின் ஒரு பகுதி, மற்றவற்றை ஒப்புக்கொண்டதாகாது’ என்று கூடவே எழுதுங்கள். அதைக் கட்டிவிட்டால், வாடகை கட்டாத ஆள் என்று அவர்கள் உங்களை நிறுத்தும் இடம் போய்விடும். கழுவும் செலவுக்குப் பணிமனையின் அசல் ரசீதைக் கேளுங்கள். தாமதக் கட்டணம், கழிவு போக நிற்கும் தொகைக்கு மட்டும்தான் என்று சொல்லுங்கள்.

டெக்ஸாஸிலேயே வணிக லீஸ் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம், லீஸிங் நிறுவனத்துக்கு அனுப்பும் முன் உங்கள் பதில் கடிதத்தை ஒரு மணி நேரம் காட்டுங்கள். உங்கள் லீஸ் எந்த மாநிலச் சட்டத்தின் கீழ் என்ற பக்கம் எனக்கு வரவில்லை, அதை அவர் பார்க்க வேண்டும். கடிதத்தில் ‘கார்கள்’ என்று மொத்தமாக எழுதாதீர்கள். ஒவ்வொரு காரின் அடையாள எழுத்து, எண், பணிமனைக்குப் போன நாள், திரும்பிச் சேர்ந்த நாள், அதற்கு நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகை என்று 10 வரி எழுதுங்கள். அவர்களும் 10 வரியில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.